குடும்ப ரகசியமும் மெல்லிய மாயமும்: எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரக்கரும் போரும் சாம்ராஜ்யமும் இல்லாமல், ஒரு வீட்டுக்குள் ஒரே ஒரு மாயம் நடக்கிற கதைகளை எழுத விரும்புகிறவர்களுக்கான பக்கம் இது. இவ்வகைக் கதைகளில் மாயம் சிறியது. அதை மூடி வைத்திருக்கும் அன்புதான் பெரியது, சிக்கலும் அதுதான்.

பதில்கள் முழுவதும் ஒரே மாதிரிக் கதையை எடுத்துக்கொள்கிறோம். ஒரு பாட்டி தைத்துக் கொடுத்த போர்வையைப் போர்த்தி உறங்குகிறவருக்கு, ஒரு துயரம் மட்டும் மறந்துபோகும். ஐந்து வயதில் அண்ணனை இழந்த பேத்தி, தனக்கு அண்ணன் இருந்ததையே அறியாமல் வளர்ந்துவிட்டாள். பாட்டிக்கும் அம்மாவுக்கும் தெரியும். இந்த மறதியை ஏற்க முடியாமல் வீட்டை விட்டுப் போன அப்பாவுக்கும் தெரியும். இப்போது பேத்திக்கு 24 வயது. போர்வை நைந்துவருகிறது. பாட்டிக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை.

இதுவும் மாய யதார்த்தமும் ஒன்றா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. மாய யதார்த்தம் என்ற பெயரை 1925இல் பிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியக் கலை விமர்சகர் ஓவியங்களைக் குறித்துச் சொன்னார். இலக்கியத்துக்கு அது பின்னால் வந்தது. அங்கே மாயத்தை யாரும் மறைப்பதில்லை. ஊரே பார்க்கும், ஊரே அதை இயல்பாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் வரலாறும் அரசியலும் அடியில் ஓடும். நாம் பேசுகிற கதையில் மாயம் வீட்டுச் சொத்து. வெளியே தெரியக் கூடாது என்பதே கதையின் இயந்திரம்.

எத்தனை மாயம் வைக்கலாம்?

ஒன்று. சிறுகதையானாலும் நாவலானாலும் ஒன்றுதான். அந்த ஒன்றுக்கு நான்கு விஷயங்களை எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்: அது என்ன செய்யும், எதைச் செய்யாது, யார் விலை கொடுக்கிறார், எப்படித் தேய்கிறது.

போர்வைக் கதையில் இப்படி. செய்வது: ஒரு துயரத்தை மறக்கடிக்கும். செய்யாதது: மற்ற நினைவுகளைத் தொடாது, ரத்த உறவு அல்லாதவரிடம் பலிக்காது. விலை: மறந்தவள் காண வேண்டிய கனவைத் தைத்தவள் ஒவ்வோர் இரவும் காண்பாள். தேய்வு: தொடர்ந்து மூன்று இரவு போர்த்தாவிட்டால் நினைவு கசியத் தொடங்கும். துணி நைந்தாலும் அப்படியே.

புதிதாக எழுதுகிறவர்கள் முதல் மூன்றையும் எழுதிவிட்டு நான்காவதை விட்டுவிடுகிறார்கள். தேய்வு இல்லாத மாயம் இருபது வருடம் வேலை செய்ததுபோல இன்னும் இருபது வருடம் செய்யும். பிறகு கதை ஏன் இன்று தொடங்குகிறது என்பதற்குப் பதிலே இருக்காது.

இரண்டாவது மாயம் எப்போது நுழைகிறது என்றும் கவனியுங்கள். கதை முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் வரும். பேசும் பறவையோ எதிர்காலம் காட்டும் கண்ணாடியோ திடீரென்று தேவைப்பட்டால், முதல் மாயத்தின் விலையை நீங்கள் முழுதாக வசூலிக்கவில்லை என்று பொருள்.

மாயம் ஒரு பக்கம், ரகசியம் ஒரு பக்கம் என்று நிற்கின்றன. எப்படி இணைப்பது?

ஒரு சோதனை செய்து பாருங்கள். மாயத்தை நீக்கிவிட்டுக் கதையை இரண்டு வரியில் சொல்லுங்கள். ரகசியம் அப்படியே நின்றால் மாயம் அலங்காரம். பாட்டிக்குச் செடிகளோடு பேசத் தெரியும், அம்மா தன் முதல் திருமணத்தை மறைத்திருக்கிறாள் என்பது ஒரு கதையல்ல, ஒன்றையொன்று தெரியாத இரண்டு கதைகள்.

இணைக்க நேரான வழி, மறைப்பதற்கான கருவியாகவே மாயத்தை வைப்பது. போர்வை அப்படித்தான். எதிர்வழியும் உண்டு: மறைக்க விடாமல் செய்வதே மாயம். பொய் சொன்னால் வீட்டு விளக்கு மங்கும் என்று வைத்தால், குடும்பமே பொய் சொல்லாமல் மறைக்கக் கற்றுக்கொள்ளும். பேச்சை மாற்றுவார்கள், பாதி உண்மை சொல்வார்கள், கேள்விக்குக் கேள்வியால் பதில் தருவார்கள். உரையாடல் எழுத விரும்புகிறவருக்கு இந்த இரண்டாவது வழி விருந்து.

ரகசியத்தை வாசகரிடமும் மறைக்க வேண்டுமா?

எங்கள் உறுதியான கருத்து: பெரும்பாலும் வேண்டாம். குடும்பத்தில் ஒருவரிடம் மறையுங்கள், வாசகரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகாபாரதத்தில் கர்ணன் பிறப்பைப் பாருங்கள். குந்திக்குக் கிடைத்த மந்திரம், அதைச் சோதித்துப் பார்த்த அவசரம், ஆற்றில் விட்ட பேழை எல்லாம் கேட்பவருக்கு முன்பே தெரியும். கர்ணனுக்குப் போர் நெருங்கும்போதுதான் தெரிகிறது. பாண்டவர்களுக்கு அவன் மடிந்த பிறகே தெரிகிறது. இடையில் அரங்கத்தில் அர்ஜுனனும் கர்ணனும் எதிரெதிரே நிற்கும்போது குந்தி மயங்கி விழுகிறாள். அந்த மயக்கத்தின் காரணம் நமக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். பிறப்பைக் கடைசி வரை ஒளித்து வைத்திருந்தால் இறுதியில் ஒரு அதிர்ச்சி கிடைத்திருக்கும். அதற்கு முன்வரும் ஒவ்வொரு காட்சியின் வலியும் போயிருக்கும்.

வாசகரிடம் மறைத்தால் நுட்பச் சிக்கல் ஒன்றும் சேரும். பாட்டியின் மனசுக்குள்ளிருந்து கதை சொல்லிக்கொண்டே, அவள் இருபது வருடமாகச் சுமக்கும் விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. வாசகர் பின்னால் திரும்பிப் பார்த்துக் கோபப்படுவார். மறைத்தே ஆக வேண்டும் என்றால் அறியாதவரின் கோணத்தில் எழுதுங்கள். பேத்தியின் கண் வழியே போனால் அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது, நியாயம் கெடாது. இரண்டு கோணங்களும் தேவையென்றால் முதல் பாதி பேத்தி, அவள் சந்தேகப்படத் தொடங்கிய பிறகு பாட்டி என்று பிரிக்கலாம்.

“ஒரு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்குமே” என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்த வகையில் அதிகம் வரும் குறை இதுதான். மௌனத்துக்கு ஆசிரியரின் வசதியைத் தவிர வேறு காரணம் இல்லாதபோது வருகிறது.

மௌனத்துக்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் வேண்டும், அவை காலத்தோடு மாற வேண்டும். ஆரம்பத்தில் பாட்டி மறைத்தது, உண்ணாமல் உறங்காமல் கிடந்த ஐந்து வயதுக் குழந்தை பிழைக்க. பத்து வயதில், சொன்னால் போர்வையை வீசிவிடுவாளோ என்ற பயம். பதினெட்டில், இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்ற கேள்வியின் பயம். கடைசியில் அண்ணன் இறந்ததைவிட மறைத்ததே பெரிய ரகசியமாகிவிடுகிறது. இப்படி வளர்ந்த மௌனத்தை எந்த வாசகரும் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டார்.

இன்னொரு வழி, சொல்வதற்கே ஒரு விலை வைப்பது. கங்கை சந்தனுவிடம் கேட்ட நிபந்தனை அப்படிப்பட்டது: நான் செய்வதை ஏன் என்று கேட்கக் கூடாது, கேட்டால் பிரிந்துவிடுவேன். ஏழு குழந்தைகளை ஆற்றில் விட்டும் கேட்காதவன் எட்டாவதில் கேட்டுவிடுகிறான். காரணமும் தெரிகிறது, மனைவியும் போகிறாள். அங்கே ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் முடிக்கிறது.

யாருக்கு என்ன தெரியும் என்பதில் குழம்பிப் போகிறேன்.

அட்டவணை போடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. ஐந்து நெடுவரிசைகள் போதும்: அவருக்கு உண்மையில் என்ன தெரியும், எப்போதிலிருந்து, அவருக்குச் சொல்லப்பட்ட பொய் என்ன, எதைச் சந்தேகிக்கிறார், அவருக்குத் தெரியும் என்பது யாருக்குத் தெரியும்.

கடைசி நெடுவரிசையில்தான் நல்ல காட்சிகள் கிடைக்கும். அம்மாவுக்கு ரகசியம் தெரியும் என்று பாட்டிக்குத் தெரியும். ஆனால் பாட்டி இரவுதோறும் அந்தக் கனவைக் காண்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியுமா? தெரியாது என்று வைத்தால், ரகசியம் காப்பவர்களுக்கு நடுவிலேயே இன்னொரு ரகசியம் பிறக்கிறது.

அட்டவணை ஓட்டைகளையும் காட்டிவிடும். அண்ணனின் புகைப்படங்கள் எங்கே? பக்கத்து வீட்டார் வாய் திறக்கவில்லையா? அப்பா போனதற்குப் பேத்தியிடம் என்ன காரணம் சொன்னார்கள்? முதல் இரண்டுக்கும் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது என்ற ஒரே வரி போதும். மூன்றாவதை ஒரு வரியில் தீர்க்காதீர்கள். அப்பா பொறுப்பில்லாதவர் என்று மகளை நம்ப வைத்திருந்தால், ஒரு பொய்யைக் காக்க ஒரு மனிதரின் பெயரைப் பலி கொடுத்திருக்கிறார்கள். கதையின் மிகக் கனமான பகுதி அங்கே காத்திருக்கிறது.

நாவல் என்றால் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அட்டவணையைப் புதுப்பியுங்கள். தெரியாதவர் தெரிந்ததுபோல் பேசிவிடும் பிழை நீங்கள் நினைப்பதைவிட எளிதாக நுழைந்துவிடும்.

ரகசியம் காப்பவரை எப்படிக் காட்டுவது? வியர்ப்பது, திக்குவது தவிர எதுவும் தோன்றவில்லை.

வியர்வையும் திக்கலும் பிடிபடும் கணத்துக்கு உரியவை. நீண்ட கால ரகசியம் அப்படி இருக்காது. மைக்கேல் ஸ்லெப்பியன் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் ரகசியத்தைப் பேச்சில் மறைக்கும் தருணங்களைவிடத் தனியே இருக்கும்போது மனம் தானாக அதை நோக்கிப் போகும் தருணங்களே அதிகம் என்று காட்டியது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனையும் இங்கே உதவும்: வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களால் அதை விரட்ட முடியவில்லை. தடை நீங்கியதும் இன்னும் அதிகமாக நினைத்தார்கள்.

ஆகவே பாட்டியைத் தனியாக இருக்கும் நேரத்தில் எழுதுங்கள். போர்வையை மடிக்கும்போது ஒரு தையலை விரலால் தேடுவது, யாரும் கேட்காத கேள்விக்கு வாய்க்குள் பதில் சொல்லிப் பார்ப்பது, ஒரு குறிப்பிட்ட தேதி வந்தால் மட்டும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது. பேத்தி எதிரே இருக்கும்போது பாட்டி மிகச் சரளமாக இருக்கட்டும். இருபது வருடப் பயிற்சி அல்லவா.

யாரிடமாவது சொல்லித் தீர வேண்டும் என்ற தவிப்பையும் விடாதீர்கள். அரசனுக்குக் கழுதைக் காது என்று குழியில் சொல்லிவிட்டு வந்த நாவிதனின் கதை கிரேக்கத்தில் உண்டு. அதைப் போன்ற கதைகள் அயர்லாந்திலும் கொரியாவிலும் சொல்லப்படுவது இந்தத் தவிப்பு எங்கும் ஒன்று என்பதால்தான். உங்கள் பாட்டியின் குழி எது என்று முடிவு செய்யுங்கள்.

துப்புகளை எப்படி வைப்பது?

வெளிப்படுவதற்கு முன் மூன்று துப்புகள் போதுமானவை. மூன்றும் வெவ்வேறு வகையாக இருக்கட்டும்: ஒரு பொருள், ஒரு பழக்கம், ஒரு பேச்சு. பழைய மர அலமாரிக் கதவின் உள்பக்கம் குழந்தையின் உயரம் குறித்த பென்சில் கோடுகள் இரண்டு வரிசை, அதில் ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது. பாட்டி தட்டு எடுக்கும்போது ஒன்று கூடுதலாக எடுத்துத் திரும்ப வைக்கிறாள். அம்மா பேத்தியைக் கூப்பிடும் முன் சில நாட்களில் வேறொரு பெயரின் முதல் எழுத்து வந்து நின்றுபோகிறது.

துப்பைப் பத்தியின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வைக்காதீர்கள், கண் அங்கேதான் தங்கும். நடுவில், வேறொரு காரியத்தின் பகுதியாக வையுங்கள். பேத்தி அலமாரியில் குடையைத் தேடுகிறாள், கோடுகளைப் பார்க்கிறாள், குடை கிடைக்கிறது, மழை நின்றுவிடுகிறது. வாசகருக்கு ரகசியத்தை முன்பே சொல்லிவிட்டாலும் துப்புகள் வேண்டும். அப்போது அவை புதிர் அல்ல, ஆபத்து: பார்த்துவிடுவாளோ?

காதலை எங்கே பொருத்துவது?

காதலர் வெளியாள், அந்த வீட்டுக்குப் பழகாத கண் உள்ளவர். குடும்பம் இயல்பு என்று நினைப்பது அவருக்கு விசித்திரமாகத் தெரியும். வளர்ந்த பெண் எங்கே போனாலும் ஏன் ஒரு பழைய போர்வையைச் சுமந்து போகிறாள் என்று அவர் ஒருவர்தான் கேட்பார். காதலே மாயத்தின் எல்லையையும் தொடும்: வேறு வீட்டில் மூன்று இரவு தங்கினால் என்ன ஆகும்?

இங்கே செய்யக் கூடாத ஒன்று உண்டு. மாயத்தால் காதலை உண்டாக்காதீர்கள். மயக்கிக் காதலிக்க வைப்பது மென்மையான விஷயமல்ல, ஒருவரின் விருப்பத்தைப் பறிப்பது. போர்வைக் கதையிலும் அதே நெருடல் இருக்கிறது, குழந்தையைக் கேட்காமல் அவள் நினைவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே கதை அந்த நெருடலை மறைக்கவில்லை, அதைப் பற்றியே பேசுகிறது. வேறுபாடு அவ்வளவுதான், அது பெரிய வேறுபாடு.

வில்லன் இல்லாமல் பதற்றம் எப்படி வரும்?

தேய்விலிருந்து. போர்வையில் எத்தனை தையல் மிச்சம் என்பதே கடிகாரம். அதோடு நல்லவர்கள் இருவர் எதிரெதிராக விரும்ப வேண்டும். சொல்லிவிடலாம் என்கிறாள் அம்மா, நான் இருக்கும்வரை வேண்டாம் என்கிறாள் பாட்டி. இருவர் சொல்வதும் சரியாக இருந்தால் வில்லன் தேவைப்படாது.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, பெரும்பாலானவை நமக்குச் சாதகம். “நாங்கள்” என்றால் கேட்பவர் சேர்த்தி இல்லை, “நாம்” என்றால் சேர்த்தி. ரகசியம் பேசும் கதைக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடைக்காது. “நாங்க அப்ப வேற வீட்ல இருந்தோம்” என்று பேத்தியிடம் வழக்கமாகச் சொல்லும் பாட்டி, ஒருநாள் “நாம அப்ப வேற வீட்ல இருந்தோம்” என்கிறாள். அவளும் அங்கே இருந்தாள் என்பது முதல் தடவையாக வெளியே வருகிறது. விளக்கம் எழுதிக் கெடுத்துவிடாதீர்கள்.

“போனாராம்”, “சொன்னாளாம்” என்ற ஆம் ஈறு, நேரில் பார்க்கவில்லை, கேட்டதுதான் என்று காட்டும். அப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேத்தி இந்த ஈற்றைப் பயன்படுத்தட்டும். அவரை நேரில் சந்தித்த பிறகு அது உதிரட்டும்.

பாதகம் ஒன்று: வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். மறைந்திருக்கும் ஆளின் பாலை மறைக்க வேண்டுமானால் “அவர், வந்தார்” என்று மரியாதைப் பன்மையில் எழுதலாம். சிறுவனுக்கு அது பொருந்தாது. “குழந்தை வந்தது” என்று அஃறிணையில் சொல்வது இயல்பாகவே இருக்கும்.

மாயம் நிகழும் வரிகளை எப்படி எழுதுவது?

முன்னும் பின்னும் உள்ள வரிகளின் அதே குரலில். “திடீரென”, “அதிசயமாக”, “மாயமாக”, “நம்ப முடியாத” ஆகிய சொற்களைத் தேடி நீக்குங்கள். “போர்வையைப் போர்த்தினாள். அண்ணனின் முகம் போயிற்று. மறுநாள் பால் கேட்டாள்.” வியப்பை நீங்கள் சொல்லாதபோதுதான் அது வாசகரிடம் பிறக்கும். எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும் வேண்டாம். பாட்டிக்கே தெரியாது, அவளுடைய பாட்டி கற்றுக்கொடுத்தாள் என்பது போதும். விதிகள் மட்டும் பிசகக் கூடாது.

உண்மையில் மாயமா, வெறும் நம்பிக்கையா என்று மயங்க விடலாமா?

விடலாம். அந்தத் தயக்கத்தையே விந்தைப் புனைவின் அடையாளமாக த்ஸ்வெதான் தொதொரோவ் என்ற இலக்கியக் கோட்பாட்டாளர் 1970இல் வரையறுத்தார். ஆனால் கடைசி வரை இரண்டு விளக்கங்களும் சம வலிமையோடு நிற்க வேண்டும், அது கடினம். குடும்பக் கதையில் பெரும்பாலும் அவசியமும் இல்லை.

ரகசியம் வெளிப்படும் காட்சி நாடகத்தனமாகிவிடுகிறது.

மூன்று காரணங்களைப் பாருங்கள். எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்களா? இருவரை மட்டும் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்களா? உண்மையில் முதலில் ஒரு துண்டுதான் வரும், அதுவும் தவறான துண்டு. கைகள் சும்மா இருக்கின்றனவா? ஒரு வேலை கொடுங்கள். பேத்தி ஊசியில் நூல் கோத்துத் தருகிறாள், பாட்டி வாங்கவில்லை. “இனிமே தைக்க வேணாம்டா” என்கிறாள். காட்சி அங்கேயே தொடங்கிவிட்டது.

இடமும் முக்கியம். 5,000 சொல் கதையில் 3,500ஐ ஒட்டி வெளிப்படட்டும். மீதி 1,500 சொற்கள் விளைவுக்கு. பலர் கடைசிப் பக்கத்தில் சொல்லிவிட்டு அழுகையோடு அணைத்து முடிக்கிறார்கள். கோபத்துக்கு நேரமே தரவில்லை. பேத்திக்கு இரட்டைத் துக்கம்: அண்ணன் இறந்தது அவளுக்கு நேற்று நடந்தது, மற்றவர்களுக்கு 19 வருடம் முன்பு. அவள் அழும்போது அவர்கள் கண்கள் காய்ந்திருக்கும் என்ற தனிமையை எழுதாமல் மன்னிப்புக்குத் தாவாதீர்கள்.

சிக்கலை மாயம் உண்டாக்கலாம், தீர்க்கக் கூடாது. புதிய போர்வை தைத்து எல்லோரும் நிம்மதியானார்கள் என்பது முடிவல்ல. அப்பாவுக்கு யார் முதலில் எழுதுகிறார்கள் என்பது முடிவாகலாம்.

கடைசி வரை சொல்லாமலே முடிக்கலாமா?

முடிக்கலாம், மறைத்தவரிடம் ஏதாவது மாறியிருந்தால். பேத்தி கண்டுபிடித்துவிட்டாள், பாட்டியிடம் சொல்லவில்லை, போர்வையைத் தினமும் வெறுமனே மடித்து வைக்கிறாள் என்றால் ரகசியம் கை மாறியிருக்கிறது. அது முழுமையான முடிவே. யாருக்கும் எதுவும் மாறவில்லை என்றால் கதை இன்னும் தொடங்கவில்லை.

முதல் வரைவு முடிந்தது. எங்கிருந்து திருத்துவது?

விலையிலிருந்து. மாயம் பயன்படும் ஒவ்வொரு இடத்தையும் குறித்து, அதற்கு அடுத்த இரண்டு பக்கங்களுக்குள் யாராவது விலை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அட்டவணையோடு உரையாடல்களை ஒப்பிடுங்கள். அதன் பிறகு சத்தம் போட்டுப் படியுங்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே மாதிரிப் பேசினால் காது பிடித்துவிடும். சொல் அலங்காரத்தைக் கடைசியாகத் தொடுங்கள், அதற்குள் பாதி அலங்காரம் தானாக வெட்டுப்பட்டிருக்கும்.